கிணற்று மேட்டில் ஒரு சேலை

நம் காலத்தில் ஆம்பளைப் பிள்ளை கிணற்றில் குதித்தால் குளிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். பெண் குதித்தால் ஊரே ஓடிவரும். எந்த வீட்டில் என்ன சண்டை, யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பிழைத்தாளா என்பது அப்புறம்தான். என் வயதுப் பெண்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்க நம் எல்லார் ஊரிலும் ஒரு கிணறு இருந்தது. நானும் என் அக்காவும் போனோம். ஒரே ஒரு கோடை விடுமுறைதான் போனோம்.

எங்கள் வீடு பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி மாந்தோப்பு வழியாக உள்ளே நடக்கிற ஊரில் இருந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். பெரியப்பா சொன்னதுதான் வீட்டில் சட்டம். பெரியம்மா சொல்வதைத்தான் பெரியப்பா சொல்கிறார் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சித்தப்பா லாரி ஓட்டினார். பெங்களூருக்குத் தக்காளியும் மாங்காயும் ஏற்றிப் போவார். அக்கா என்று நான் சொல்வது பெரியப்பாவின் மகளை. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி, வாங்கிய உதையையும் சரிபாதியாகப் பங்குபோட்டுக் கொண்டவர்கள் நாங்கள்.

கிணறு தோப்புக்கு அந்தப் பக்கம். பாறையை வெடி வைத்துப் பிளந்து சதுரமாக இறக்கியது. ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக் கற்கள்தான் படி. பாதி ஆழத்தில் ஒரு திட்டு, அதில் ஆயில் என்ஜின். இறங்க இறங்க டீசல் வாடையும் புறா எச்சத்தின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். தண்ணீர் எப்போதும் கறுப்பாகக் கிடக்கும். உச்சி வெயில் நேராக விழுகிற கொஞ்ச நேரம் மட்டும் பச்சையாகி, உள்ளே கற்கள் இறங்கிப் போவது தெரியும். பிறகு ஒரு பக்கத்து நிழல் மெல்ல வந்து மூடிவிடும். நாம் பேசினால் அது கொஞ்சம் தாமதித்து நம்மிடமே திரும்பி வரும். அதனால் அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

அந்தக் கிணற்றில்தான் எங்கள் அத்தை போனாள். அப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு முன்பு. காரணம் கேட்டால் வாய்மேல் ஒரு அடி விழும். அத்தையை எடுத்தபிறகு கிணற்றை முழுக்க இறைத்து, சேறு வாரி, பூசை போட்டு, மறுபடி ஊற விட்டார்களாம். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், அதில்தான் சோறு பொங்கினோம். அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் மேலே கிணற்றடித் தொட்டியில் துணி துவைப்பதோடு சரி, படி இறங்கக் கூடாது. அத்தை கூப்பிடுவாள் என்பார்கள்.

ஊர்ப் பையன்கள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து தொப் தொப்பென்று குதிப்பார்கள். அத்தை அவர்களை மட்டும் ஏன் கூப்பிடுவதில்லை என்று அக்கா ஒருநாள் கேட்டாள். கேட்டது என்னிடம்தான், நல்லவேளை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். வீட்டில் காலியாகக் கிடந்த மஞ்சள் டால்டா டின் ஒன்றை மூடியோடு எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் மாங்காய் பறிப்பில் களைத்து, சாப்பிட்டுப் படுத்து, குறட்டைச் சத்தம் வந்ததும் புறப்படுவோம். கடைசிப் படியில் நின்று டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கால்களை உதைப்போம். மேலே தண்ணீர் கதகதப்பாக இருக்கும். கால் பெருவிரல் எட்டுகிற இடத்தில் திடீரென்று சில்லிடும். அந்தச் சில்லிப்பில் யாரோ பாதத்தைத் தொட்டது போலிருக்கும். அலறிக்கொண்டு படியில் ஏறுவோம், மறுபடி இறங்குவோம். அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் இந்த வயதுவரை கண்டதில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் மேலிருந்து ஒரு நிழல் எங்கள்மேல் விழுந்தது. எங்கள் இருவருக்கும் உயிரே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சின்னம்மா, சித்தப்பாவின் பெண்டாட்டி. தை மாதத்தில்தான் கல்யாணமாகி வந்திருந்தாள். ஒகேனக்கல்லுக்குக் கீழே காவேரிக் கரையில் பிறந்தவள், அவளுடைய அப்பா பரிசல் ஓட்டுகிறவர். பேச்சில் பாதி கன்னடம் கலந்துவரும். துவைக்கிற சாக்கில் ஒரு வாளித் துணியோடு வந்தவள், எங்களைத் திட்டுவாள் என்று பார்த்தால், படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டாள்.

“கொடத்துத் தண்ணில குளிச்சா ஒடம்பு நனையுது, அவ்ளோதான்,” என்றாள்.

பிறகு மேலே போனாள். சேலையை அவிழ்த்து ஒழுங்காக நாலாக மடித்தாள். கிணற்று மேட்டில் வைத்து, காற்று அடித்துக்கொண்டு போகாமல் அதன்மேல் செருப்பை வைத்தாள். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குதித்தாள். தண்ணீர் பெரிதாகச் சத்தம்கூடப் போடவில்லை. நாங்கள் டின்னைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றோம். சத்தியமாக அதுவரை ஒரு பெண் நீந்தி நாங்கள் பார்த்ததே கிடையாது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நீச்சல் என்று சொல்லமாட்டாள், அவர்கள் ஊர்ப் பக்கத்து வார்த்தையில் ஈஜு என்பாள். எங்களுக்கு அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை, அவளுக்கு அதற்கு நேரமும் இல்லை. கிடைத்த கொஞ்ச நேரத்தில் தன் ஆசை தீர நீந்தினாள். நாங்கள் பார்த்துப் பார்த்துக் காலை உதைத்தோம். மூச்சை இழுத்து முழுகி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வருவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. தலை மறைந்து, குமிழிகள் அடங்கி, தண்ணீர் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். அக்கா என் கையை இறுக்கிப் பிடிப்பாள். இனி வரவே மாட்டாள் என்று தோன்றும்போது கை முதலில் வரும், கறுப்பு மண்ணோடு. அந்த மண்ணில் அழுகிய இலை வாடை அடிக்கும்.

மண்ணோடு வேறு சாமான்களும் வரும். ஒருதரம் துருப்பிடித்த சாவி. ஒருதரம் ஓட்டைச் சொம்பு. ஒருநாள் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று, உடையாமல் முழுசாக வந்தது. யாருடையதாக இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. சின்னம்மா எங்கள் முகத்தைப் பார்த்தாள். வளையலைத் தண்ணீரில் அலசி, சேறு போக்கி, மெதுவாகக் கிணற்றிலேயே விட்டாள். அன்று இரவு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரியம்மா திருநீறு போட்டாள்.

அந்த நாள் வந்தது விடுமுறை முடியும் தறுவாயில். எனக்குக் காதில் தண்ணீர் புகுந்து வலித்துக்கொண்டிருந்ததால் நானும் அக்காவும் அன்றைக்குச் சீக்கிரமே கரையேறி, என்ஜின் திட்டில் உடம்பைத் துவட்டிக்கொண்டிருந்தோம். அதுவரை சேலையோடு படியில் உட்கார்ந்திருந்த சின்னம்மா, ஒருதரம் மேலிருந்து குதித்துவிட்டு வருகிறேன் என்று ஏறிப் போனாள். அவள் மேட்டிலிருந்து குதித்ததை, தோப்பு ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்தது என்ன? புதுப்பெண் ஒருத்தி சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், கிணற்றில் குதித்தாள். நம் ஊரில் பிறந்த யாருக்கும் அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கள் அத்தையும் அப்படித்தான் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும்.

அவர் போட்ட கூச்சல் கிணற்றுக்குள் வந்து சுற்றியது. சின்னம்மா அடிமண் எடுக்க முழுகுவதும் மூச்சிழுக்க வருவதும் மறுபடி முழுகுவதுமாக இருந்தாள், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஆட்கள் ஓடிவரும் சத்தம், பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு வரும் சத்தம். அவள் அடியில் இருந்த நேரமாக எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அசையாத தண்ணீர்தான். திட்டிலிருந்து நாங்கள் கத்தியது அந்த இரைச்சலில் கலந்து போனது. யாரோ பாதாளக்கரண்டி எடுத்துவர ஓடினார்கள். குடம் விழுந்தால் துழாவி எடுக்கிற கொக்கி அது. எங்கள் ஊரில் ஆளையும் அதில்தான் எடுப்பார்கள். இரண்டு பேர் குதித்தார்கள். சரியாக அவர்களுக்கு நடுவில் சின்னம்மா கையில் மண்ணோடு மேலே வந்தாள்.

ஒருவர் அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தார். அரைகுறை உடுப்போடு இருக்கிற பெண்ணை அந்நிய ஆம்பளை பிடித்தால் அவள் என்ன செய்வாள்? திமிறினாள், அடித்தாள், கடித்தாள். சாவதற்கு எப்படித் துடிக்கிறாள் பார் என்று மேலே அழுதார்கள். கயிறு கட்டி இழுத்து, மேட்டில் குப்புறப் போட்டு, முதுகை அமுக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அத்தையே மனமிரங்கி மேலே தள்ளிவிட்டாள் என்றார்கள்.

“நான் நீந்துனேங்க. நீச்சலடிச்சேங்க,” என்று சின்னம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் அக்காவும் திட்டிலிருந்து ஏறி வந்து அதையேதான் சொன்னோம். பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் பயந்துவிட்டன, உளறுகின்றன என்று எங்களையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாயத்துக் கட்டினார்கள். டால்டா டின்னைக் காட்டலாம் என்று அக்கா திரும்ப ஓடினாள். அது கிணற்றின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது, எட்டவில்லை.

அன்றிலிருந்து வீடு மாறிவிட்டது. கொல்லையில் இருந்த அரளிச் செடியைப் பெரியப்பா வேரோடு வெட்டினார். மண்ணெண்ணெய் கேன் பூட்டிய அறைக்குள் போனது. சேந்துகயிறு பரண்மேல் ஏறியது. குளியல் மறைப்புக்குள் சின்னம்மா போய்க் கொஞ்சம் நேரமானால் பெரியம்மா வெளியில் நின்று, உள்ள என்ன பண்றே, உள்ள என்ன பண்றே என்று கேட்டபடி இருப்பாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. ஒரு பெண்ணை அந்தக் கிணற்றில் பறிகொடுத்த வீட்டின் மருமகள் அவள், இன்னொருத்தியை விட்டுவிடக் கூடாதென்று நடுங்கினாள். ஆனால் அந்த நடுக்கத்தில் அவள் ஒருதரம்கூட நிஜமாகக் கேட்கவில்லை, நீந்தத் தெரியுமா உனக்கு என்று.

சித்தப்பாவுக்குச் செய்தி பாலக்கோட்டிலேயே கிடைத்துவிட்டது, ஒரு டீக்கடையில். உன் பெண்டாட்டி கிணற்றில் குதித்துவிட்டாளாமே, அப்படி என்னப்பா செய்தாய் என்று. வந்தவர் லாரியைத் தோப்பிலேயே நிறுத்திவிட்டு நேராக உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து, அவ சும்மா குளிச்சாளாம் அண்ணா என்று பெரியப்பாவிடம் சொன்னார். சொல்லும்போதே குரல் தேய்ந்தது. பெரியப்பா அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தம்பி தன்மேல் வரும் பழியை மறைக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

சின்னம்மாவின் அப்பாவை வரச்சொல்லி ஆள் போனது. அவர் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் மட்டும் அகன்ற, குள்ளமான மனிதர். நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நீ கூட இருந்தியா பாப்பா என்று கேட்டார். தலையாட்டினேன்.

“அடி வரைக்கும் போனாளா?”

போய் மண் எடுத்து வந்தாள் என்றேன். அவர் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இவர் சொல்லிவிடுவார், பெரியவர் சொன்னால் பெரியவர்கள் நம்புவார்கள் என்று ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

வாசலில் பாய் விரித்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். எங்களைப் போன்ற சின்னதுகள் கதவோரம். சின்னம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை ஒருதரம் நீந்திக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும் என்று அக்கா தன் அப்பா காதில் போய்ச் சொன்னாள். அவர் அதை வெளியே சொல்லவும் செய்தார், பாவம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஊர் பார்க்கப் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு மருமகள் குதிப்பாளா என்று ஒருவர் கேட்க, பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சின்னம்மாவின் அப்பாவைப் பார்த்துப் பேசினார். நிதானமாக, மரியாதையாகத்தான் பேசினார்.

“வெளையாட்டுக்கு நீந்துனான்னா, அந்தமாதிரிப் பொண்ணு இந்த வூட்டுக்கு ஒத்து வராதுங்க. இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிருங்க. மனசு நொந்து குதிச்சான்னா தப்பு எங்க மேல. அதை நாங்க சரி பண்ணித் தாரோம். எதுன்னு நீங்களே சொல்லிருங்க.”

பரிசல்காரர் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“சாவத்தாங்க குதிச்சா. எம் பொண்ணுக்கு ஈஜு தெரியாதுங்க.”

சின்னம்மா, அப்பா என்றாள். அவ்வளவுதான். அவர் திரும்பவில்லை. பொய், என்னிடம் கேட்டார் என்று நான் கத்தினேன். பாதிக்குமேல் கத்தமுடியவில்லை. பெரியம்மாவின் வெங்காய வாடை அடிக்கும் கை என் வாயை மூடிவிட்டது.

பரிசல்காரர் கணக்குப் போட்டுத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. மகள் விளையாடினாள் என்றால் அன்றைக்கே வாழாவெட்டியாகத் திரும்ப வேண்டும். சாகப் பார்த்தாள் என்றால் புகுந்த வீடு பயப்படும், பார்த்து நடந்துகொள்ளும். ஆற்றில் சுழல் எங்கே என்று தெரிந்து விலக்கிப் போகிறவர். இங்கேயும் விலக்கிவிட்டதாக நினைத்தார். சித்தப்பா எல்லார் முன்னாலும் மாமனார் காலில் விழுந்து, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சொல்ல வைக்கப்பட்டார். அதுவரை அவர் சின்னம்மாவை ஒரு சொல்கூடக் கடுத்துப் பேசியதில்லை. அடிக்காத அடிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தபோது அவர் முகம் செத்துப் போயிருந்தது.

பரிசல்காரர் கணக்கு பலிக்கத்தான் செய்தது. சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். யாரும் அவளை அதட்டவில்லை. நல்ல சேலை, நல்ல சாப்பாடு. ஆனால் தனியாக எங்கும் விடவில்லை, காவேரிக் கரைக்குத் தாய்வீடு போகும்போதுகூடக் கூடவே ஒரு ஆள் போய்த் துறையில் இறங்காமல் பார்த்துக்கொண்டது. கிணற்றைச் சுற்றி முள்வேலி வந்தது. சித்தப்பா நீண்ட தூர லோடாகப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். வீட்டுக்கு வரும்போது பேச்சில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. சின்னம்மா அதன் தலையில் தண்ணீர் ஊற்றும்போதுகூடப் பக்கத்தில் யாராவது நின்றார்கள். எனக்குக் கல்யாணமாகிக் கம்பைநல்லூர் வந்தபிறகு விசேஷங்களில் பார்ப்போம். குண்டாகிவிட்டாள். நீச்சலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் சின்னம்மா இறந்துபோனாள். சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம், தருமபுரி ஆஸ்பத்திரி, எல்லாருக்கும் வருவதுதான். சாவுவீட்டில் சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“எங்கம்மா கெணத்துல குதிக்கற அளவுக்கு இவரு என்னக்கா பண்ணாரு? நீங்களாச்சும் சொல்லுங்க. நான் இவரோட பேசி எத்தனையோ வருஷமாச்சு.”

நான் எல்லாம் சொன்னேன். டால்டா டின், மடித்து வைத்த சேலை, அடிமண், அவளுடைய தாத்தா சிரித்தது, பிறகு சொன்னது. ஒன்றும் விடவில்லை. உங்கம்மா மாதிரி நீந்த அந்த ஊரில் ஒரு ஆம்பளைக்கும் வராது என்றேன். அவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், நான்தான் துக்கத்தில் இருப்பதுபோல.

“அம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க, அப்பாவை விட்டுக்குடுக்காம. நீங்க அப்ப சின்னப் புள்ள, ஒங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வெச்சிருப்பாங்க. வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க? எம் பையன் கேட்டப்ப நானும் அதையேதான் சொன்னேன். ஆயா சும்மா நீச்சலடிச்சாங்கடான்னு.”

வெளியே, எடுக்க நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.